கழுத்தின் வலப்பக்கம்

தலையை இடப்பக்கம் திருப்புங்கள் என்றேன்.
சுவரில் போன வருடத்து நாட்காட்டி,
டர்பன் துறைமுகத்துக் கிரேன்கள் வெளிறிப்போய் நின்றன.
"மூன்றாவது என்னுடையது" என்றார்
பூபாலன் படையாச்சி, வயது அறுபத்தொன்று,
சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு.
பேசாதீர்கள், படம் ஆடுகிறது.

கழுத்தில் காலையில் பூசிய திருநீறு.
துடைக்கலாமா?
"ஜெல்லோடு அதுவும் கிடக்கட்டும்."

வந்த காரணம் படிவத்தில் ஒரே வரி:
வலக்கண், நான்கு நிமிடம்.
அவர் சொன்னது இதைவிட நீளம்.
ஹிகின்சன் நெடுஞ்சாலையில் ரோபோ சிவப்பு.
மேலிருந்து யாரோ படுதாவை இறக்குவதுபோல்
ஒரு கண்ணில் மட்டும் சாம்பல் நிறம் இறங்கியது.
ரோபோ பச்சையானது அவருக்குத் தெரியவில்லை,
பின்னால் டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்துத்தான் தெரிந்தது.
கண்ணைக் கசக்கிக்கொண்டே வீட்டுக்கு ஓட்டிப் போய்
மீன் குழம்பும் சாப்பிட்டாராம்.
மனைவியிடம் மூன்று நாள் கழித்துச் சொன்னார்,
அதுவும் வேறொரு சண்டையின் நடுவில்.

ஒலியைத் திறந்தேன்.
உஷ்ஷ்... உஷ்ஷ்...
"என் ரத்தமா?"
ஆமாம்.
"தென்மேற்குக் காற்று கிளம்பினால்
கிரேன் கேபினில் இதே சத்தம்தான்."

தமனி இரண்டாய்ப் பிரியும் கவட்டில்
வெள்ளையாய் ஒரு கட்டி. சுண்ணாம்பு.
கீழே நீளமாய் நிழல் விழுந்திருந்தது.
அதற்கு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை,
அது உட்கார்ந்து வெகு காலம் ஆகிவிட்டது.

பக்கத்தில் ஒன்றுமே இல்லை.
அதாவது கறுப்பு,
ரத்தம் எப்படிக் கறுப்பாய்த் தெரியுமோ அப்படி.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்றால்
தாண்டிப் போயிருப்பேன்.
வண்ணத்தை ஏற்றினேன்:
ஓடிவந்த சிவப்பு அந்தக் கறுப்பின் விளிம்பில் ஒதுங்கி
தெருவில் கிடக்கும் எதையோ
சுற்றிப் போகும் ஆளைப்போல வளைந்து போனது.
அங்கே ரத்தம் இல்லை. கொழுப்பு.
அதன்மேல் பாலாடை கனத்துக்கு ஒரு தோல்,
தோலில் ஒரு கிழிசல்,
கிழிசலுக்குள் சிவப்பு ஒரு துளி
போய்ப் போய்ச் சுழன்று வந்தது.

அளந்தேன். நாற்பத்தைந்து சதவீத அடைப்பு.
நல்ல எண்தான்.
யாராவது கோப்பை மூடிவிடக்கூடிய எண்.

"எத்தனை தடவை அதையே பிடிக்கிறீர்கள்?"
சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.
படம் உறையும்போதெல்லாம் இயந்திரம் ஒரு டிக் போடுகிறது.
எண்ணியிருக்கிறார். பதினாலு.

டாக்டர் சொல்வார் என்றேன்.
வருடத்துக்கு ஆயிரம் முறை சொல்லும் வாக்கியம்,
இன்று வாயில் பல்லில் ஒட்டியது.

"தைப்பூசத்துக்குப் பத்து நாள்.
காவடியை வலத்தோளில்தான் வைப்பேன்,
இருபத்தாறு வருடமாய். வைக்கலாமா?"

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் பிடிக்க எட்டு வினாடி.
திரை இல்லை, ஒலி இல்லை.
புரோப்பை எடுத்துவிட்ட இடத்தில்
என் விரல் மட்டும் வழுக்கிக்கொண்டு,
அடியில் அது பாட்டுக்குத் துடித்தது.

வெளிச்சம் வந்ததும் துடைக்கக் காகிதம் கொடுத்தேன்.
அறிக்கையில் எண்ணுக்கு முன்னால், முதல் வரியிலேயே,
மென்மையான படிவு, கிழிந்த பரப்பு என்று தட்டினேன்.
டாக்டர் நாயுடு மூன்றாவது அழைப்பில்தான் எடுத்தார்.
நாளைக்கு அனுப்பட்டுமா என்றார்.
இன்றைக்கு, என்றேன். இப்போது.

பூபாலன் சட்டைப் பொத்தானைத்
தப்பான துளையில் போட்டுக்கொண்டிருந்தார்.
மேசையில் கார்ச் சாவி.
எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
"அது என்னுடையது" என்றார்,
கிரேனைச் சொன்ன அதே குரலில்.

வீட்டுக்காரம்மா எண் சொல்லுங்கள்.
வாய் திறந்தார். எண் வரவில்லை.
கூரையைப் பார்த்தார். வரவில்லை.
நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"யார் மனப்பாடம் செய்கிறார்கள் இப்போதெல்லாம்"
என்று போனை எடுத்துச் சிரித்தார்.
அந்தச் சிரிப்பில்
வாயின் இரண்டு ஓரமும் சமமாய் ஏறுகின்றனவா
என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.